முதல் மருந்துக்கு முன் ஒரு பரிசோதனை

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு (ஆர்சிசி) ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நெய்யாற்றின்கரையிலிருந்து 20 கிலோமீட்டர். ரத்தப் புற்றுநோய்க்கு முறையான சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனை இவ்வளவு பக்கத்தில் இருப்பது நாட்டின் பெரும்பாலான கிராமங்களுக்கு வாய்க்காத வசதி. 1981இல் தொடங்கிய அந்த மையத்துக்குக் கேரளத்தின் தென்கோடி மக்களும் போகிறார்கள். களியக்காவிளை எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்தும் போகிறார்கள். ‘ஆர்சிசிக்குக் கொண்டுபோயிருக்கு’ என்று சொன்னாலே இந்தப் பகுதியில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, “பிழைக்குமா?” அடுத்தது, “எவ்வளவு செலவாகும்?” இரண்டுக்கும் பெருமளவு பதில் சொல்லக்கூடிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. புற்றுச் செல்களில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களை எண்ணி, வரிசைப்படுத்தி, எது உடைந்திருக்கிறது, எது இடம் மாறியிருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. எந்த மருந்து, எவ்வளவு காலம், மஜ்ஜை மாற்று தேவையா என்பதையெல்லாம் முடிவு செய்வதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வாழும் எல்லையோரக் குடும்பத்தின் கையில் அது ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஒற்றை வரியாக வந்து சேர்கிறது. பெரும்பாலும் படிக்கப்படாமலேயே கோப்புக்குள் போய்விடுகிறது.

இந்தப் பரிசோதனைக்கான மாதிரி சிகிச்சையின் முதல் மருந்துக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். அதன் செலவை அரசு ஏற்க வேண்டும். முடிவின் பொருள் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். இந்த மூன்றையும் எல்லையோர மக்கள் உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டும்.

46 என்ற எண்

இந்த ஊர்களுக்கு 1956 என்றால் எல்லை பிரிந்த ஆண்டு. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மருத்துவத்துக்கும் அது முக்கியமான ஆண்டுதான். மனித செல்லில் இருப்பவை 48 குரோமோசோம்கள் என்று அதுவரை உலகம் நம்பியிருந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆய்வு செய்த ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் அவை 46தான் என்று 1956 ஜனவரியில் வெளியிட்டார்கள். சரியான எண்ணிக்கை தெரிந்த பிறகுதான் பிழையைத் தேட முடிந்தது.

தேடிய நான்கே ஆண்டுகளில் புற்றுநோயின் முதல் பிழை அகப்பட்டது. 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு இருவரும், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களில் வழக்கத்துக்கு மாறான சின்னஞ்சிறு குரோமோசோம் ஒன்றைப் பார்த்தார்கள். ‘பிலடெல்பியா குரோமோசோம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. ஒரு புற்றுநோயை ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் பிழையோடு உறுதியாகப் பொருத்திக் காட்டியது அதுவே முதல்முறை. அது ஏன் சிறிதானது என்பதற்கு 13 ஆண்டுகள் கழித்து விடை வந்தது. சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி, குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடுக்கி ஒப்பிட்டுப் பார்த்தவர். 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு தொலைந்துவிடவில்லை, அது 9ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டியிருக்கிறது என்று 1973இல் அவர் காட்டினார். இரண்டும் உடைந்து ஒன்றின் துண்டை மற்றொன்று எடுத்துக்கொண்டிருந்தன. உடைந்த இடத்தில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, இயல்பில் இல்லாத ஒரு புரதத்தை உருவாக்குகின்றன. ‘பெருகு, பெருகு’ என்று செல்லுக்கு இடைவிடாமல் கட்டளையிடுவது அந்தப் புரதம்தான்.

ரத்தப் புற்றுநோயின் மருத்துவம் மாறியது இங்கிருந்துதான். அதன்பின் ஒவ்வொரு வகையிலும் தனித்தனிப் பிழைகள் கண்டறியப்பட்டன. 8க்கும் 21க்கும் இடையே, 15க்கும் 17க்கும் இடையே, 12க்கும் 21க்கும் இடையே இடமாற்றம். 5 அல்லது 7 முழுதாகக் காணாமல் போவது. 17இன் ‘குட்டைக் கை’ எனப்படும் பகுதி உதிர்ந்துபோவது. இவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும் நோய்.

மஜ்ஜையிலிருந்து கண்ணாடித் தகடு வரை

பரிசோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருந்து சில மில்லி மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். உறிஞ்சும் சில நொடிகள் இழுத்துப் பிடிப்பதுபோல் வலிக்கும். முதுகுத்தண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘முதுகுல ஊசி போட்டா நடக்க முடியாமப் போயிரும்’ என்று ஊரில் சொல்வதை நம்பி இதை மறுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

குரோமோசோம் பார்க்க எடுத்த மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த குழாயில் போக வேண்டும். வழக்கமான ரத்த எண்ணிக்கைக்கு எடுக்கும் குழாய் இதற்கு ஆகாது. காரணம் எளியது: இந்தப் பரிசோதனைக்கு உயிருள்ள செல் வேண்டும். குரோமோசோம்கள் திரண்டு கண்ணுக்குத் தெரிவது செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் மட்டும்தான். அதனால் ஆய்வகத்தில் செல்களை ஒன்றிரண்டு நாள் வளர்த்து, பிரியும் தறுவாயில் ஒரு மருந்தால் நிறுத்தி, உப்புக்கரைசலில் உப்பவைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, சாயமேற்றுவார்கள். அப்போது ஒவ்வொரு குரோமோசோமிலும் கருப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். பட்டை வரிசையைப் பார்த்துத்தான் இது 9, இது 22 என்று அடையாளம் காண்கிறார்கள். வழக்கமாக 20 செல்களை இப்படிப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்; ஆக 920 குரோமோசோம்களை ஒருவர் கண்ணால் சரிபார்க்கிறார். முடிவு வர ஓரிரு வாரமோ அதற்குமேலோ ஆவது இதனால்தான். அவசரமாகத் தெரிய வேண்டிய குறிப்பிட்ட பிழைகளை, ஒளிரும் சாயத்தால் காட்டும் ‘ஃபிஷ்’ பரிசோதனையிலும், மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் ‘பிசிஆர்’ பரிசோதனையிலும் சில நாட்களில் அறியலாம்.

கையில் வரும் அறிக்கையைப் படிப்பதும் அவ்வளவு கடினமல்ல. ‘46’ என்று தொடங்கினால் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. அடுத்து ‘எக்ஸ்எக்ஸ்’ என்றால் பெண், ‘எக்ஸ்ஒய்’ என்றால் ஆண். அதன்பின் எதுவும் இல்லையென்றால் இந்தப் பரிசோதனையின் கண்ணுக்குப் பிழை எதுவும் தட்டுப்படவில்லை. ‘டி’ என்ற எழுத்தும் அடைப்புக்குறிக்குள் ‘9;22’ என்றும் இருந்தால், அந்த இரண்டு குரோமோசோம்களும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன. கழித்தல் குறியோடு ‘7’ என்றிருந்தால் ஒரு 7ஆம் குரோமோசோம் இல்லை. கூட்டல் குறியோடு ‘8’ என்றால் ஒன்று கூடுதல். கடைசியில் சதுர அடைப்பில் இருக்கும் எண், எத்தனை செல்களில் அதைக் கண்டார்கள் என்பது. குடும்பத்தில் ஒருவர் இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் பேசினால், பேச்சின் தரமே மாறிவிடும்.

ஒரே பெயரில் பல நோய்கள்

‘பிளட் கேன்சர்’ என்ற ஒற்றைப் பெயர் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஆறு மாதத்தில் இறந்தார் என்பதை வைத்து நம் வீட்டுப் பிள்ளையின் கதையையும் முடிவு செய்துவிடுகிறோம். அது எவ்வளவு தவறு என்பதற்கு ஓர் ஆய்வு போதும். கடும் மைலாய்டு ரத்தப் புற்றுநோய் வந்த 1,612 பேரின் குரோமோசோம்களைப் பிரிட்டன் ஆய்வாளர்கள் பார்த்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் ஒரே சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்தவர்கள். சாதகமான பிழை இருந்தவர்களில் 65 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருந்தார்கள். நடுத்தரப் பிரிவில் 41 சதவீதம். பாதகமான பிழை இருந்தவர்களில் 14 சதவீதம். நுண்ணோக்கியில் பார்த்தால் இவர்களுடைய ரத்தத் துளிகளைப் பல நேரம் வேறுபடுத்தவே முடியாது. குரோமோசோம்தான் பிரித்துக் காட்டியது.

இந்த வேறுபாடு வெறும் ஆருடமல்ல. மருத்துவர் அடுத்து எடுக்கும் முடிவு இதிலிருந்து பிறக்கிறது. சாதகமான பிரிவில் இருப்பவரைக் கீமோதெரபியாலேயே குணப்படுத்த முயலலாம். மஜ்ஜை மாற்று என்ற ஆபத்தும் செலவும் நிறைந்த சிகிச்சைக்கு உடனே அனுப்ப வேண்டியதில்லை. பாதகமான பிரிவில் இருப்பவருக்கு முதல் நாளிலிருந்தே மஜ்ஜை தானம் செய்யக்கூடிய அண்ணன், தங்கையைத் தேட வேண்டும். பரிசோதனை இல்லாமல் இந்த இரண்டு பேருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால், ஒருவர் தேவையில்லாமல் வதைபடுவார், மற்றவர் நேரத்தை இழப்பார்.

குழந்தைகளுக்கு வரும் கடும் லிம்ஃபோ ரத்தப் புற்றுநோயிலும் இதுதான் கதை. புற்றுச் செல்லில் குரோமோசோம்கள் 50ஐத் தாண்டிக் கூடியிருந்தால் பொதுவாக நல்ல அறிகுறி. 44க்கும் கீழே குறைந்திருந்தால் கவலைக்குரியது. நம் நாட்டில் இந்த நோயின் சிகிச்சையில் வந்த மாற்றத்தில் சென்னைக்கு முக்கியப் பங்கு உண்டு. முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1984இல் ஒரே சீரான சிகிச்சைத் திட்டம் அறிமுகமானது. மும்பை டாட்டா மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் அதே திட்டத்தைப் பின்பற்றின. அதுவரை 100க்கு 20 குழந்தைகள்கூடப் பிழைக்காத நிலை மாறி, இந்த மையங்களில் 40 முதல் 60 சதவீதக் குழந்தைகள் நோயின்றி இருக்கும் நிலை வந்தது. இன்று நாட்டின் பெரிய மையங்கள் சேர்ந்து, குரோமோசோம் பிழையையும் கணக்கிலெடுத்து, குழந்தைகளை ஆபத்து நிலைவாரியாகப் பிரித்துச் சிகிச்சை தருகின்றன. யாருக்குக் குறைவாகக் கொடுத்தால் போதும், யாருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று பிரிக்கத் தெரிந்ததும் முன்னேற்றத்தின் ஒரு காரணம்.

மோசமான பிழை மாறிய வரலாறு

அறிக்கையில் ‘பாதகமான பிழை’ என்று வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற குடும்பங்களுக்குச் சொல்ல மூன்று உண்மைக் கதைகள் இருக்கின்றன.

முதலாவது, பிலடெல்பியா குரோமோசோம். ஒரு காலத்தில் இது இருந்தால் சில ஆண்டுகளில் நோய் முற்றும் என்பதுதான் நிலை. அந்தப் பிழை உருவாக்கும் புரதத்தை மட்டும் குறிவைத்து அடைக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை முதலிலிருந்தே எடுத்துக்கொண்டவர்களில் 83 சதவீதம் பேர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருந்ததாக நீண்டகால ஆய்வு காட்டியது. குழந்தைகளின் லிம்ஃபோ புற்றுநோயிலும் இதே குரோமோசோம் வந்தால் மிக மோசமானதாகக் கருதப்பட்டது. கீமோதெரபியோடு இந்த மாத்திரையைச் சேர்த்தபோது, மூன்று ஆண்டுகள் நோயின்றி இருந்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர்ந்தார்கள். பிழை அதேதான். மருந்து வந்ததும் அதன் பொருள் மாறிவிட்டது.

இரண்டாவது கதை வேலூரில் நடந்தது. 15, 17 குரோமோசோம்கள் இடம் மாறுவதால் வரும் புரோமைலோசைட்டிக் ரத்தப் புற்றுநோயில் நோயாளி சில நாட்களிலேயே ரத்தக்கசிவால் இறந்துவிடுவது உண்டு. சீன மருத்துவர்கள் இதற்கு ஆர்செனிக் டிரை ஆக்சைடு வேலை செய்வதைக் கண்டிருந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேமன் சாண்டி, விக்ரம் மேத்யூஸ் உள்ளிட்ட குழுவினர், விலையுயர்ந்த மற்ற மருந்துகளை வாங்க முடியாத நோயாளிகளை மனதில் வைத்து, 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு இந்த ஒரே மருந்தைக் கொண்டு சிகிச்சை அளித்தார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. அந்த முடிவு 2006இல் வெளியாகி உலகின் கவனத்தைப் பெற்றது. ஏழை நாட்டின் தேவையிலிருந்து பிறந்த அறிவு அது. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இது தூய்மைப்படுத்தி, அளவிட்டு, நரம்பு வழியாக ஏற்றி, இதயத்துடிப்பைக் கண்காணித்துத் தரும் மருந்து. பாஷாணம் சேர்ந்த நாட்டு மருந்தைத் தானாக வாங்கிச் சாப்பிடுவதற்கு இது எந்த வகையிலும் ஆதாரமாகாது.

மூன்றாவது கதை நீதிமன்றத்தில் நடந்தது. இமாட்டினிப் மருந்தின் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்டிஸ் நிறுவனம் 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006இல் அந்த அலுவலகம் மறுத்தது. 2007இல் சென்னை உயர் நீதிமன்றம், பழைய மருந்தின் புது வடிவத்துக்கு எளிதில் காப்புரிமை தராத காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவுக்கு எதிரான வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுப்பை உறுதி செய்தது. அப்போது நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்தது 8,000 முதல் 10,000 ரூபாய். இன்று அதுவும் குறைந்திருக்கிறது. பாறசாலையின் ரப்பர் வெட்டும் தொழிலாளி அந்த மாத்திரையை இன்று விழுங்க முடிகிறதென்றால் அறிவியலோடு இந்தச் சட்டப் போராட்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த மாத்திரை தேவை என்று சொல்லும் பரிசோதனை கிடைக்காவிட்டால், விலை குறைந்து என்ன பயன்?

பரம்பரை என்ற பழி

“இது எங்க குடும்பத்துல உள்ள சூக்கேடா டாக்டரே?” குரோமோசோம் என்ற சொல்லைக் கேட்டதும் இந்தப் பகுதியில் எழும் கேள்வி இது. பின்னால் இருப்பது உயிர்ப்பயம் மட்டுமல்ல. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் வாழ்க்கை, தம்பியின் பிள்ளைகள், ஊர் என்ன சொல்லும் என்ற கவலை எல்லாம் அதில் இருக்கின்றன. அறிக்கையை உறவினர்களுக்குக் காட்டாமல் மறைப்பவர்கள் உண்டு. ‘அவங்க ரத்தத்துலயே கோளாறு’ என்று சம்பந்தம் பேசியவர்கள் விலகிப்போவதும் உண்டு.

பதில் தெளிவானது. இந்தப் பிழைகளில் ஏறக்குறைய எல்லாமே பெற்றோரிடமிருந்து வராமல், ரத்தத்தை உருவாக்கும் ஏதோ ஒரு செல்லில் புதிதாக ஏற்படுபவை. அந்தச் செல்லும் அதன் வாரிசுச் செல்களும் மட்டுமே அதைச் சுமக்கின்றன. தோலில், ஈரலில், கருமுட்டையில், விந்தணுவில் அது இல்லை. பிலடெல்பியா குரோமோசோம் உள்ள தாயிடமிருந்து பிள்ளைக்கு அது போவதில்லை. பிறவியிலேயே வரும் டவுன் சிண்ட்ரோம் போன்ற நிலைகளும், குடும்பங்களில் தொடரும் சில மரபணு மாற்றங்களும் ரத்தப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவது உண்மை. அவை அரிதானவை, மருத்துவர் அவற்றைத் தனியாக எடுத்துச் சொல்வார். மற்றபடி ஒரு வீட்டில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் என்பதற்காக அந்த வீட்டுப் பிள்ளைகளின் சம்பந்தத்தை ஒதுக்குவதற்கு அறிவியலில் எந்த நியாயமும் இல்லை. பள்ளியும் சர்ச்சும் கோயில் கமிட்டியும் குடும்பஸ்ரீ கூட்டமும் பேச வேண்டிய செய்தி இது.

கடற்கரைப் பக்கம் இன்னொரு பயம் இருக்கிறது: மணல். மணவாளக்குறிச்சியிலும் கொல்லம் மாவட்டம் சவறாவிலும் கரையில் கிடக்கும் மோனசைட் மணலில் தோரியம் உண்டு. இயற்கைக் கதிரியக்கம் அங்கே அதிகம். அதிக அளவு கதிர்வீச்சு குரோமோசோம்களை உடைத்து ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை ஹிரோஷிமாவும் நாகசாகியும் உலகுக்குக் காட்டின. அதனால் இந்தப் பயம் அர்த்தமில்லாததல்ல. ஆர்சிசி இதைத்தான் அதே கொல்லம் மாவட்டத்தின் கருநாகப்பள்ளியில் ஆராய்ந்தது. 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட முடிவில், இயற்கைக் கதிரியக்கம் கூடுதலாக உள்ள இடத்தில் வசிப்பதால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ரத்தப் புற்றுநோயாளிகள் அதில் 30 பேர். அந்தக் கரையில் பிறந்த குழந்தைகளின் குரோமோசோம்களைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் ஆராய்ந்தபோதும் குறிப்பிடத்தக்க கூடுதல் பிழை காணப்படவில்லை. மணலைத் தோண்டுவதால் கடலரிப்புக்கும் மீனவர் வாழ்வுக்கும் வரும் கேடு பற்றிய கேள்விகள் தனி. அவற்றை அழுத்தமாகக் கேட்க வேண்டும். ஆனால் கரையில் வாழ்ந்ததாலேயே தனக்கு நோய் வந்தது என்று ஒரு நோயாளி தன் ஊரையும் தன் தொழிலையும் பழிக்க வேண்டியதில்லை.

எல்லை தடுக்கக் கூடாது

இந்தப் பகுதி மக்கள் மருத்துவத்துக்காக எல்லையைப் பொருட்படுத்தியதே இல்லை. எவரெஸ்ட் ஏறப்போன மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், இன்று தமிழ்நாட்டில் இருக்கும் நெய்யூரில் பணியாற்றிய காலத்தில், திருவிதாங்கூர் முழுவதிலுமிருந்து அவரைத் தேடி வந்தார்கள். இன்று அவர் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரி எல்லையை ஒட்டிக் கேரளத்தின் காரக்கோணத்தில் இருக்கிறது. இரு பக்கத்து மக்களும் அங்கே போகிறார்கள். எல்லை நோயாளியின் வழியில் குறுக்கே வருவது காப்பீட்டு அட்டையில்தான். கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இரண்டிலும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. இரண்டும் பெரும் எண்ணிக்கையிலான ஏழைகளைக் கடனிலிருந்து காத்தவை. ஆனால் இவை அடிப்படையில் படுக்கையில் சேர்ந்த பிறகு ஆகும் செலவுக்கானவை. சேர்வதற்கு முந்தைய மூன்று நாள் பரிசோதனைகளுக்கே, இவற்றோடு இணைந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்ட விதிகளில் இடம் உண்டு. குரோமோசோம் பரிசோதனையோ நோய் என்னவென்றே தெரியாத கட்டத்தில், வெளிநோயாளியாக இருக்கும்போது தேவைப்படுவது. வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட்டபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிசிஆர் பார்க்க வேண்டிய நோயாளி, படுக்கையில் சேர்வதே இல்லை. சிகிச்சையின் வெற்றியே அவரைத் திட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

எனவே இரு மாநில அரசுகளிடமும் கேட்க வேண்டியவை இவை.

முதலாவது, ரத்தப் புற்றுநோய் என்று ரத்தப் பரிசோதனையில் ஐயம் எழுந்த நாளிலேயே குரோமோசோம், ஃபிஷ், பிசிஆர் பரிசோதனைகளைக் காப்பீட்டுத் தொகுப்பில் தனியாகச் சேர்க்க வேண்டும்; வெளிநோயாளிக்கும் அது பொருந்த வேண்டும். தொடர் கண்காணிப்புப் பரிசோதனையும் அப்படியே.

இரண்டாவது, கீழ்நிலை மருத்துவமனையில் எடுத்த மாதிரியைப் பெரிய ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்க்கும் ‘நிர்ணயா’ வலைப்பின்னலைக் கேரளம் உருவாக்கியிருக்கிறது. நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனை, பாறசாலை தாலுகா மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து இந்த மாதிரிகளும் அதில் போக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலே செல்கள் சாகத் தொடங்கும் பரிசோதனைக்கு, ஒரு மணிநேரப் பயண தூரம் பெரிய வரம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்தும் இதேபோன்ற ஏற்பாடு தமிழ்நாட்டுக்குச் சாத்தியமே.

மூன்றாவது, அட்டை எந்த மாநிலத்துடையது என்பதைப் பார்க்காமல், எல்லையை ஒட்டிய வட்டங்களின் நோயாளிகளை அருகிலுள்ள மையம் ஏற்றுக்கொள்ளவும், செலவை அரசுகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளவும் ஓர் உடன்பாடு வேண்டும்.

நான்காவது, முடிவு வரும் நாளில் அதைத் தமிழிலும் மலையாளத்திலும் விளக்கும் ஒருவர் இருக்க வேண்டும். கால் மணிநேரம் போதும். இந்தக் கால் மணிநேரம் கிடைக்காததால் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களைக் காப்பாற்ற எந்த மருந்தாலும் முடியாது.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காரணம் தெரியாத காய்ச்சலும் வெளிறலும் உள்ள குழந்தைக்கு, ரத்த எண்ணிக்கைகூடப் பார்க்காமல் ஸ்டீராய்டு எழுதிக்கொடுக்கும் பழக்கம் சிறு கிளினிக்குகளில் இன்னும் இருக்கிறது. லிம்ஃபோ புற்றுநோய்ச் செல்களை ஸ்டீராய்டு தற்காலிகமாகக் கரைத்துவிடும். காய்ச்சல் இறங்கும், குடும்பம் நிம்மதியடையும், நோய் மறைந்து நிற்கும். பின்னால் மஜ்ஜை எடுத்தால் பிழையைக் காட்டப் போதுமான செல்கள் இருக்காது. புரோமைலோசைட்டிக் வகை என்று ஐயம் வந்தால் மட்டும், மாதிரியை எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திராமல் அன்றே மருந்தைத் தொடங்க வேண்டும். அங்கே ஒவ்வொரு மணிநேரமும் உயிர். எந்த வகையானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் மாதிரி, பிறகு மருந்து.

படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல், ஈறில் கசியும் ரத்தம், அடிபடாமலேயே தோலில் நீலத் திட்டுகள், பிள்ளைக்கு எலும்பு வலியும் வெளிறலும், இடது விலாவுக்குக் கீழே கனம் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஒரு ரத்த எண்ணிக்கை பாருங்கள், செலவு குறைவு. ரத்தப் புற்றுநோய் என்று சொன்னால் பயந்து வேறு வைத்தியம் தேடி ஓடாதீர்கள். மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: “குரோமோசோம் பரிசோதனைக்கு மஜ்ஜை எடுத்தாச்சா? முடிவு எப்ப வரும்? அதுல என்ன பிழை இருக்கு, அதுக்கு என்ன மருந்து?” இந்தக் கேள்விகளைக் கேட்க எந்தப் படிப்பும் தேவையில்லை. பதில் சொல்வது மருத்துவமனையின் கடமை. அந்தப் பரிசோதனைக்கான பணத்தைக் கொடுப்பது அரசின் கடமை.